ஸ்பிட்டி போய் வந்த கதை: கேப்பர் மலைக்காரர்கள் 14,000 அடியில்

கெடிலக்கரை (கடலூர் முதுநகர்):

வணக்கம். போன செப்டம்பரில் நான், மனைவி, மைத்துனர் மூன்று பேரும் இமாச்சலப் பிரதேசத்தின் ஸ்பிட்டிப் பள்ளத்தாக்குக்குப் போய் வந்தோம். போவதற்கு முன் இந்த இணையக் குழுவில் எத்தனையோ கேள்வி கேட்டேன், பொறுமையாகப் பதில் சொன்னீர்கள். அந்தக் கடனுக்குத்தான் இது. தாமதமானதற்கு மன்னிக்கவும். ஒரு இடத்தை எப்படி எழுதுவது என்று தெரியாமல் தள்ளிப் போட்டுக்கொண்டே வந்தேன்.

நம் ஊரில் மலை என்றால் கேப்பர் மலை. அதையும் விட்டால் திருவந்திபுரத்தில் ஹயக்ரீவரைப் பார்க்க ஏறும் எழுபத்துச் சொச்சம் படிகள். கடல் மட்டம் என்று புத்தகத்தில் போடுகிறார்களே, அந்த மட்டத்திலேயே பிறந்து வளர்ந்தவர்கள் நாம். எனக்கு வயது 57, சர்க்கரை உண்டு, தொப்பையும் உண்டு. மனைவிக்கு முட்டி வலி. மைத்துனர் மட்டும் 44, தினமும் விடியற்காலை தேவனாம்பட்டினம் கடற்கரையில் ஆறு கிலோமீட்டர் நடப்பவர். "மாமா, உங்களை நான்தான் தூக்கிக்கொண்டு வரவேண்டியிருக்கும்" என்று சென்னை போய்ச் சேருவதற்குள் நான்கு முறை சொல்லிவிட்டார். இதை நினைவில் வையுங்கள்.

நீங்கள் எல்லோரும் சேர்ந்து போட்டுக் கொடுத்த திட்டம் அருமையான திட்டம். சிம்லா 2,200 மீட்டர், அங்கே ஒரு இரவு. கல்பா 2,960 மீட்டர், இரண்டு இரவு. நாக்கோ 3,600-ல் ஒன்று, தாபோ 3,280-ல் ஒன்று, ஸ்பிட்டியின் முக்கிய ஊரான காசா 3,650-ல் இரண்டு. அதற்கு அப்புறம்தான் லாங்சா, 4,400 மீட்டர். படிப்படியாக ஏறி, நடுவே ஒரு படி இறங்கி, மறுபடி ஏறுவது.

நடந்தது வேறு. சிம்லாவில் இருந்து கிளம்பிய அன்றே நிகுல்சாரி பக்கம் மலை சரிந்து சாலை அடைத்துவிட்டது. ராம்பூரில் இரண்டு இரவு உட்கார்ந்தோம். ராம்பூர் சட்லெஜ் கரையில், ஏறக்குறைய 1,000 மீட்டர்தான், அங்கே உட்கார்ந்தால் உடம்புக்கு உயரம் பழகாது. திரும்பும் ரயில் டிக்கெட் எடுத்தாகிவிட்டது. நான் வங்கியில் முப்பது வருடம் பேனா பிடித்தவன். எதை வெட்டிக் கணக்கை நேர் செய்யலாம் என்று கை தானாகப் போயிற்று. கல்பாவில் ஒரு இரவை அடித்தேன். நாக்கோவை அடித்தேன். தாபோவில் தங்குவதை அடித்து, "ஒரு மணி நேரம் பார்த்துவிட்டுக் கிளம்பலாம்" என்று எழுதினேன். காசாவில் இரண்டை ஒன்றாக்கினேன். லாங்சாவில் மட்டும் கை வைக்கவில்லை, அதற்குத்தானே வந்தோம்.

கரண்ட் போகப் போகிறது என்று குறுஞ்செய்தி வந்துவிட்டது. மீதியை இரவு எழுதுகிறேன்.

பாகூர் ஏரி (புதுச்சேரி):

நல்ல இடத்தில் நிறுத்திவிட்டீர்களே ஐயா. ஒரு சந்தேகம். வரைபடத்தில் பார்த்தால் மணாலியில் இருந்து காசா 200 கிலோமீட்டர்தான், சிம்லாவில் இருந்து 400-க்கு மேல். எதற்காகச் சுற்றுவழி?

கெடிலக்கரை:

கரண்ட் வந்தது. பாகூர் ஏரி கேட்டதற்கு முதலில் பதில்.

மணாலிப் பக்கம் தூரம் குறைவு. 2020-ல் அடல் சுரங்கப்பாதை திறந்தபிறகு ரோதாங் கணவாயில் ஏறி இறங்கும் வேலையும் இல்லை. 9 கிலோமீட்டர் மலைக்கு உள்ளேயே போய் லாஹௌல் பக்கம் வந்துவிடலாம். ஆனால் அதற்கு அப்புறம் கிராம்பூவில் இருந்து படால் வரை இருப்பதைச் சாலை என்று சொல்ல மனசு வராது. ஓடைகள் சாலைக்கு மேலேயே ஓடும். அதில் ஒன்றுக்குப் பெயரே பாகல் நாலா, பைத்தியக்கார ஓடை. காலையில் கணுக்கால் தண்ணீர், வெயில் ஏறிப் பனி உருகினால் மாலையில் இடுப்பளவு. பிறகு குன்சும் கணவாய், 4,500 மீட்டருக்கு மேல். அதாவது 2,000 மீட்டரில் காலை டீ குடித்தவர் மதியம் 4,500-ல் நிற்பார். உடம்பு என்ன நினைக்கும்? குளிர் காலத்தில் குன்சும் மூடிவிடும். பனி வெட்டித் திறக்க மே, ஜூன் ஆகும். சிம்லா வழி சரிவுகள் இல்லாதவரை ஆண்டு முழுக்க ஓடும், மெதுவாக ஏறும். அரசுப் பேருந்தே போகிறது. கல்பாவுக்குக் கீழே இருக்கும் ரெக்காங் பியோவில் காலையில் ஏறினால் இருட்டும் முன் காசாவில் இறக்கிவிடுவார்கள். அந்த ஓட்டுநர்களுக்கு ஒரு கோயில் கட்டலாம். ஒரு பக்கம் பாறை தலையை உரசும், மறு பக்கம் சட்லெஜ் எங்கோ கீழே. கண்டக்டர் கதவைத் திறந்து வைத்து விசில் அடித்துக்கொண்டே வருகிறார்.

கல்பா பற்றிக் கொஞ்சம். விடுதி ஜன்னலைத் திறந்தால் எதிரே கின்னர் கைலாஷ், 6,000 மீட்டர். விடியற்காலை அதன் உச்சியில் வெயில் படும் முன்பே மனைவி எழுந்து உட்கார்ந்து கன்னத்தில் போட்டுக்கொண்டார். சுதந்திர இந்தியாவின் முதல் வாக்காளர் ஷ்யாம் சரண் நேகி இந்த ஊர்க்காரர்தான். பனி விழுந்து வழி அடைத்துவிடும் என்று மற்ற மாநிலங்களுக்கு முன்பே, 1951 அக்டோபரில், இங்கே ஓட்டுப் போடவைத்தார்கள். 2022-ல், 105 வயதில் காலமானார். அங்கே இரண்டு இரவு தங்கியிருக்க வேண்டும். தங்கவில்லை.

தாபோ. இதை ஒரு மணி நேரத்தில் பார்த்தது என் வாழ்நாள் வருத்தம். கி.பி. 996-ல் கட்டிய புத்த மடம். அப்போது தஞ்சையில் ராஜராஜன் அரியணையில் இருக்கிறார், பெரிய கோயில் முடிய இன்னும் 14 ஆண்டு இருக்கிறது. நம்மவர் கருங்கல்லில் கட்டினார், இவர்கள் வெறும் மண்ணில் கட்டியிருக்கிறார்கள். மண் சுவர், மண் கூரை, உள்ளே இருட்டில் சுவர் முழுக்க ஓவியம், சுதைச் சிற்பம். ஆயிரம் வருடம் எப்படி நின்றது என்றால், மழை இல்லை. பருவமழை மேகம் இமயத்தின் தெற்குச் சரிவிலேயே காலியாகிவிடுகிறது. நம் ஊரில் அந்தக் கூரை ஒரு ஐப்பசிக்குத் தாங்காது, 2015 மாதிரி ஒரு மழை வந்தால் அன்றைக்கே கரைந்து கெடிலத்தில் போயிருக்கும். இப்போது அங்கேயும் எப்போதாவது வலுத்த மழை பெய்கிறதாம், கூரை கசிகிறது என்று காவலர் கவலைப்பட்டார்.

முத்தியால்பேட்டை புல்லட் (புதுச்சேரி):

அண்ணே, பதிவு நன்றாக இருக்கிறது, ஆனால் தேவையில்லாமல் பயமுறுத்துகிறீர்கள். நாங்கள் நான்கு பேர் 2019-ல் மணாலியில் இருந்து ஒரே நாளில் காசா போனோம், புல்லட்டில். ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. எல்லாம் மனசுதான். உடம்பு தெம்பாக இருந்தால் உயரம் ஒன்றும் செய்யாது. இரவில் இரண்டு மூடி ரம் போட்டால் குளிரும் தெரியாது, தலைவலியும் தெரியாது. பாண்டிச்சேரிக்காரனுக்கு இதைச் சொல்லித் தரவேண்டுமா!

ஆல்பேட்டை செக்போஸ்ட் (கடலூர்):

அந்த ரம் எங்களைத் தாண்டி எப்படிப் போயிற்று என்று முதலில் சொல்லவும்.

நைட் டூட்டி (புதுச்சேரி):

நான் மருத்துவமனையில் செவிலியர். மலைக்காரி இல்லை, ஆனால் இரண்டு முறை லடாக் போயிருக்கிறேன். புல்லட் தம்பி சொன்னதில் ஆபத்தான மூன்று விஷயம் இருக்கிறது, அதனால் நீளமாக எழுதுகிறேன்.

ஒன்று, மனசு. இல்லை, அழுத்தம். மேலே காற்றில் ஆக்சிஜன் சதவீதம் குறைவதில்லை, இங்கே போலவே 21-தான். காற்றின் அழுத்தம்தான் குறைகிறது. அரிசி அதே அரிசி, தட்டில் விழுவது பாதிக் கரண்டி. காசாவில் கடற்கரையில் கிடைப்பதில் மூன்றில் இரண்டு பங்குக்கும் கொஞ்சம் குறைவு. லாங்சாவில் அறுபது சதவீதத்துக்கும் சற்றுக் கீழே. பழகுவதற்கு உடம்பு நாள் எடுத்துக்கொள்ளும். அதை அவசரப்படுத்த முடியாது.

இரண்டு, தெம்பு. ஓட்டக்காரருக்கும் வரும், தொப்பைக்காரருக்கு வராமலும் போகும். உண்மையில் தெம்பானவர்களுக்குத்தான் வம்பு அதிகம், ஏனென்றால் அவர்கள் வேகமாக ஏறுவார்கள், தலை வலித்தால் வெளியே சொல்லமாட்டார்கள். முன்பு ஒரு முறை ஒன்றும் ஆகவில்லை என்பது அடுத்த முறைக்கு உத்தரவாதம் இல்லை.

மூன்று, ரம். தூக்கத்தில் ஏற்கெனவே மூச்சு மட்டுப்படும் இடத்தில் மது அதை இன்னும் மட்டுப்படுத்தும். சூடாக இருப்பதுபோல் தோன்றுவது தோலுக்கு ரத்தம் அதிகம் ஓடுவதால். உள்ளே இருக்கும் சூடு அப்படியே வெளியே போகிறது. தலைவலி தெரியாமல் போனால் அது நல்ல செய்தி இல்லை தம்பி, எச்சரிக்கை மணியின் வாயைக் கட்டியிருக்கிறீர்கள்.

பொதுவாக மருத்துவர்கள் சொல்வது: 3,000 மீட்டரைத் தாண்டிவிட்டால் தூங்கும் உயரம் ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் கூடக்கூடாது. பகலில் மேலே போய்ப் பார்த்துவிட்டு இறங்கி வந்து தூங்கலாம். டயமாக்ஸ் என்கிற அசெட்டசோலமைடு மாத்திரை உதவும். வழக்கமாக ஏறுவதற்கு முந்தைய நாள் ஆரம்பித்து 125 மில்லிகிராம் காலை, மாலை. சல்ஃபா ஒவ்வாமை உள்ளவர்கள், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடாதீர்கள். போட்டால் விரல் நுனியில் எறும்பு ஊர்வதுபோல் இருக்கும், அடிக்கடி சிறுநீர் வரும், கோலி சோடா சப்பென்று இருக்கும். பயப்பட வேண்டாம்.

உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ, நுரையோடு இருமினாலோ, நேர்க்கோட்டில் குதிகாலை விரலோடு ஒட்டி வைத்து நடக்கச் சொன்னால் தள்ளாடினாலோ, அது நுரையீரலிலோ மூளையிலோ நீர் கோர்ப்பது. உடனே கீழே இறக்குங்கள். ஆக்சிஜன் சிலிண்டர் எல்லாம் இறங்கும் வழிக்குத் துணை, அவ்வளவுதான்.

முத்தியால்பேட்டை புல்லட்:

அக்கா திட்டினால் சரியாகத்தான் இருக்கும். இருந்தாலும் எங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை என்பது உண்மைதானே?

நைட் டூட்டி:

ஹெல்மெட் போடாமல் ஈசிஆரில் போய் வந்தவரும் அதையேதான் சொல்வார்.

கெடிலக்கரை:

எழுதத் தயங்கியதை இப்போது எழுதுகிறேன்.

காசாவில் ஒரு இரவு தூங்கிவிட்டு மறுநாள் மதியம் லாங்சா போனோம். நைட் டூட்டி சொன்ன 500 மீட்டர் கணக்கில், நாங்கள் ஒரே நாளில் 750 ஏறிவிட்டோம். அதற்கு முந்தைய நாளும் கல்பாவில் இருந்து காசா, கிட்டத்தட்ட 700.

லாங்சா சின்ன ஊர். வெள்ளை அடித்த மண் வீடுகள், கூரை விளிம்பில் விறகும் காய்ந்த சாணமும் அடுக்கியிருக்கும். நம் வறட்டிதான், அங்கே யாக்கும் கழுதையும் உபயம். ஊர் மேட்டில் பெரிய புத்தர் சிலை. அவர் பார்த்துக்கொண்டிருக்கும் திசையில் பார்லியும் பட்டாணியும் அறுத்த வயல்கள், பின்னால் பனி மலை. ஒரு மரம் கிடையாது. தங்கிய வீட்டம்மா "ஜூலே" என்று சொல்லி வெண்ணெய்த் தேநீர் கொடுத்தார். உப்புப் போட்டது. டீ என்று நினைத்துக் குடித்தால் திடுக்கிடும், ரசம் என்று நினைத்துக் குடித்தால் நன்றாக இருக்கும்.

மைத்துனர் வந்த சூட்டோடு புத்தர் சிலை வரை வேகவேகமாக நடந்து போய், அங்கிருந்து கை ஆட்டினார். நானும் மனைவியும் பத்தடிக்கு ஒருமுறை நின்று, கிழவன் கிழவி போலப் போய்ச் சேர்ந்தோம்.

சாப்பாட்டு நேரத்தில் அவர் தட்டைத் தள்ளிவைத்தார். பசியில்லை என்றார். வாழ்நாளில் அவர் வாயில் இருந்து நான் கேட்காத வாக்கியம். ஒன்பது மணிக்குத் தலைவலி. பாரசிட்டமால் கொடுத்தேன். பதினொன்றுக்கு வாந்தி. பன்னிரண்டுக்கு மறுபடி. படுத்தால் தலை வெடிக்கிறது என்று சுவரில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டார். நடுவே கொஞ்சம் கண் அயர்ந்தபோது மூச்சு நின்றுவிட்டது. மனைவி அவர் மார்பில் கை வைத்து, "தம்பி, தம்பி" என்று உலுக்க, பெரிதாக இழுத்துக்கொண்டு விழித்தார். உயரத்தில் தூங்கும்போது மூச்சு சில நொடி நின்று நின்று வருவது பலருக்கும் நடப்பதுதான் என்று பிறகு தெரிந்தது. அந்த இருட்டில் அது யாருக்குத் தெரியும்?

நான், காலை வரை பார்க்கலாம் என்றேன். அந்த இரவில் அந்தச் சாலையில் ஜீப் ஓட்டுவதை நினைத்தாலே எனக்கு வயிறு கலங்கியது. மனைவி ஒன்றும் பேசாமல் போய் வீட்டுக்காரரை எழுப்பிவிட்டார். இந்தியும் தெரியாது. தம்பி இருந்த அறையைக் காட்டி, விரலைக் கீழ்நோக்கிக் காட்டினாராம். அந்த மனிதர் வந்து டார்ச் வெளிச்சத்தில் மைத்துனர் முகத்தைப் பார்த்தார், ஒரு வார்த்தைதான் சொன்னார்: "நீச்சே." கீழே. சட்டை மேல் கோட்டை மாட்டிக்கொண்டு ஜீப்பை எடுக்கப் போய்விட்டார்.

இரவு இரண்டு மணி. காசா வரை பதினாறு கிலோமீட்டர் கூட இருக்காது, ஒரு மணி நேரம் ஆனது. மைத்துனர் இரண்டு முறை இறங்கி வாந்தி எடுத்தார். இரண்டாவது முறை நான் அவர் முதுகைத் தடவிக்கொண்டு நிமிர்ந்து பார்த்தேன். கார்த்திகைக் கூட்டம் தலைக்கு நேர் மேலே. நம் ஊரில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு ஆறு வெள்ளியை எண்ணுவோம். அங்கே எண்ணவே முடியவில்லை, பொடி உப்பைக் கொட்டினது மாதிரி இருந்தது. நினைத்தது இதுதான்: இந்த அழகை இந்த நேரத்தில் பார்க்கிறோமே.

காசா மருத்துவமனையில் ஆக்சிஜன் வைத்தார்கள். விடியும்போது "மாமா, இட்லி கிடைக்குமா?" என்றார். இரண்டு நாள் காசாவிலேயே கிடந்தோம், நான் பேனாவால் அடித்த நாட்களில் இரண்டு. ஜீப்காரர் பணம் வாங்க மறுத்தார். டீசலுக்காவது என்று வற்புறுத்திக் கொடுத்தோம்.

எனக்கு? தலை லேசாகக் கனத்ததைத் தவிர ஒன்றுமே இல்லை. தொப்பை அப்படியே.

பாகூர் ஏரி:

படித்து முடித்ததும் எழுந்துபோய்த் தண்ணீர் குடித்தேன். மைத்துனர் இப்போது எப்படி இருக்கிறார்?

கெடிலக்கரை:

நன்றாக இருக்கிறார். ஆறு கிலோமீட்டர் எட்டாகிவிட்டது. "உயரப் பயிற்சி" என்கிறார்.

கல்வெட்டு வாத்தியார் (விருத்தாசலம்):

ஓய்வுபெற்ற புவியியல் ஆசிரியன். லாங்சாவுக்குப் போனவர் முக்கியமான ஒன்றை விட்டுவிட்டாரே! சரி, அந்த இரவுக்கு அப்புறம் எப்படி நினைவு வரும்.

லாங்சா சுற்றுவட்டாரத்தில் ஓடைக் கரையில் சுருள் சுருளாகக் கல் கிடைக்கும். அம்மோனைட். கணவாய் மீனுக்கும் நாட்டிலஸ் சங்குக்கும் உறவான கடல் பிராணி, அழிந்துபோய் ஆறரைக் கோடி ஆண்டு ஆகிறது. இந்தியத் தட்டுக்கும் ஆசியாவுக்கும் நடுவே டெத்திஸ் என்றொரு கடல் இருந்தது. ஏறக்குறைய 15 கோடி ஆண்டுக்கு முன் அதன் அடியில் படிந்த சேறுதான் ஸ்பிட்டி ஷேல் எனப்படும் கரும்பாறை. சுமார் ஐந்து கோடி ஆண்டுக்கு முன் நம் தட்டு போய் முட்டியதில் கடல் அடி மடிந்து எழும்பி மலையாகிவிட்டது. ஆக, நீங்கள் மூச்சு முட்டி உட்கார்ந்திருந்த இடம் ஒரு காலத்தில் கடலடி.

நம் பெருமாள் கோயில்களில் பூஜையில் இருக்கும் சாளக்கிராமமும் இதே ஜாதிதான். நேபாளத்துக் கண்டகி ஆற்றில் உருண்டு வரும் அம்மோனைட் கல்.

இதைப் பார்க்க இமயம் போகவேண்டும் என்றுகூட இல்லை. அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் சுரங்கங்களில் அம்மோனைட் எக்கச்சக்கம். அந்தக் கடல் வேறு, காலமும் பிந்தியது, டைனோசர் யுகத்தின் கடைசிப் பகுதி. புதுச்சேரிக்காரர்கள் வண்டியை எடுத்தால் ஒரு மணி நேரத்தில் திருவக்கரை, கல்லாகிப்போன மரங்கள் கிடக்கின்றன, சுமார் இரண்டு கோடி ஆண்டுப் பழசு. வக்ரகாளியைக் கும்பிட்டுவிட்டு அப்படியே திரும்பிவிடுகிறார்கள் நம் ஜனங்கள், கல்மரப் பூங்காவை எட்டிப் பார்ப்பதில்லை.

ஒரு வேண்டுகோள். அங்கே குழந்தைகள் உள்ளங்கையில் அம்மோனைட்டை வைத்துக்கொண்டு விலை சொல்வார்கள். வாங்காதீர்கள், பொறுக்கிப் பையிலும் போடாதீர்கள். ஒவ்வொருவரும் ஒன்று எடுத்தால் இன்னும் இருபது வருடத்தில் காட்ட ஒன்றும் இருக்காது.

கெடிலக்கரை:

வாத்தியார் ஐயா, மறக்கவில்லை. கிளம்பும் முன் லாங்சா வீட்டுக்கு நன்றி சொல்லப் போனபோது அந்த வீட்டம்மா ஒன்றைக் காட்டினார். வீட்டு அலமாரியில் புத்தர் படத்துக்குக் கீழே இருந்தது. நாங்கள் கையில் வாங்கிப் பார்த்துத் திருப்பிக் கொடுத்தோம். பதிலுக்கு மனைவி கைப்பேசியில் தேவனாம்பட்டினம் அலையைக் காட்டினார். அந்தம்மா கடலைப் பார்த்ததே இல்லையாம். ஒலியைக் கூட்டச் சொல்லி மூன்று முறை பார்த்தார். நாங்கள் கொண்டுபோன நெத்திலிக் கருவாட்டை மட்டும் முகர்ந்து பார்த்துவிட்டு மரியாதையாகத் தள்ளி வைத்துவிட்டார்.

சொல்தா பேரன் (புதுச்சேரி):

எங்கள் பெரியப்பா சொல்தா, அதாவது பிரெஞ்சுப் படையில் இருந்தவர். அவரும் பெரியம்மாவும் பிரெஞ்சு பாஸ்போர்ட். வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்குத் தரும் ஓசிஐ அட்டை இருக்கிறது. அடுத்த வருடம் எங்களோடு வர ஆசைப்படுகிறார்கள். தமிழ்தான் பேசுகிறோம், வேட்டிதான் கட்டுகிறோம், அனுமதிச் சீட்டு ஏதும் வேண்டுமா?

பாகூர் ஏரி:

வேண்டும். இந்தியக் குடிமக்களுக்கு ஸ்பிட்டிக்கு ஒன்றும் தேவையில்லை, அடையாள அட்டை போதும். வெளிநாட்டுப் பாஸ்போர்ட் என்றால் சிம்லா, கின்னௌர் வழியில் ஜாங்கியில் இருந்து சும்தோ வரை திபெத் எல்லையை ஒட்டிய பகுதி, அனுமதி வாங்கித்தான் போகவேண்டும். ஓசிஐ அட்டைக்கும் இதில் விலக்கு இல்லை. ரெக்காங் பியோவில் வாங்கலாம். மணாலி வழியாக வந்து காசா, தாபோ பார்த்துவிட்டு அப்படியே திரும்புவது என்றால் தேவைப்படாது, ஆனால் பெரியவர்களை அந்த வழியில் கூட்டிப் போக வேண்டாம் என்று மேலே இவ்வளவு நேரம் பேசியிருக்கிறோம். எங்கள் தெருவில் ஒருவரை இப்படித்தான் சோதனைச் சாவடியில் திருப்பி அனுப்பினார்கள். பிரெஞ்சில் திட்டிக்கொண்டே வந்தாராம்.

மஞ்சக்குப்பம் மல்லிகை (கடலூர்):

பெண்களுக்கான விவரம் யாரும் எழுதவில்லை. கழிப்பறை எப்படி, வெந்நீர் கிடைக்குமா, சமையலுக்கு என்ன கொண்டுபோகலாம்? அம்மாவுக்கு 68 வயது, ரத்த அழுத்தம் உண்டு. அவரையும் கூட்டிப் போகலாமா?

கெடிலக்கரை:

இது அவர் இல்லை, அவர் மனைவி எழுதுவது. பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறார்.

முதலில் ஒரு திருத்தம். "காலை வரை பார்க்கலாம்" என்று அவர் ஒரு முறை சொன்னதாக எழுதியிருக்கிறார். மூன்று முறை சொன்னார்.

கழிப்பறை: காசா விடுதிகளில் நம் ஊர் போலத்தான். மேலே கிராமங்களில் தண்ணீர் உறைந்துவிடும் என்பதால் உலர் கழிப்பறை. மாடி அறையின் தரையில் ஒரு ஓட்டை, பக்கத்தில் மண் குவியல், மண்வெட்டி. முடித்ததும் மண்ணைத் தள்ளவேண்டும். கீழே சேர்வது வயலுக்கு உரம். நாற்றமே இல்லை. நம் பேருந்து நிலையத்தை நினைத்தால் அது சொர்க்கம். டயமாக்ஸ் போட்டால் இரவில் மூன்று முறை எழவேண்டும், அந்தக் குளிரில் மாடிக்கு டார்ச்சோடு. தயாராகப் போங்கள். நாப்கின் ஊரில் இருந்தே கொண்டுபோய், பயன்படுத்தியதைக் காகிதத்தில் சுற்றிக் காசா வரை திருப்பி எடுத்து வாருங்கள், உரக் குழியில் போடாதீர்கள்.

வெந்நீர் ஒரு வாளி கேட்டால் கொடுப்பார்கள். அதைச் சுடவைக்கும் விறகு எத்தனை தூரத்தில் இருந்து வருகிறது என்று பார்த்தபிறகு நான் கேட்கவில்லை. மூன்று நாள் குளிக்காமல் இருந்தேன், ஒன்றும் ஆகிவிடவில்லை. உதட்டுக்கும் மூக்குக்குள்ளும் தேங்காய் எண்ணெய் தடவிக்கொள்ளுங்கள். காற்று அவ்வளவு வறண்டது, ஊருக்கு வரும்வரை எனக்கு மூக்கில் ரத்தப் பொடிதான். தேங்காய் எண்ணெயே கட்டியாக உறைந்திருக்கும், இரவு போர்வைக்குள் வைத்துக்கொள்ளவேண்டும்.

சமையல்: லாங்சா உயரத்தில் தண்ணீர் 85 டிகிரியிலேயே கொதித்துவிடும். குமிழி பொங்கும், உள்ளே சூடு இருக்காது. பருப்பு வேகவே வேகாது. இதைப் படித்துவிட்டு மூன்று லிட்டர் குக்கரைக் கடலூரில் இருந்து சுமந்தேன், இவர் வழியெல்லாம் கேலி செய்தார். போய்ப் பார்த்தால் அங்கே எல்லார் வீட்டிலும் ஐந்து லிட்டர் குக்கர் இருக்கிறது! கேலி இன்னும் ஓயவில்லை. நீங்கள் பருப்புப்பொடியும் ஊறுகாயும் மட்டும் கொண்டுபோங்கள். துக்பா என்று நூடுல்ஸ் கஞ்சி தருவார்கள், இரண்டு நாள் பிடிக்கும். வாங்கிப்போன சிப்ஸ் பாக்கெட் எல்லாம் பந்து மாதிரி உப்பிவிட்டது, ஒன்று பையிலேயே வெடித்தது.

அம்மா விஷயம்: மருத்துவர் சரி என்றால் சிம்லா, கல்பா கூட்டிப் போங்கள். கல்பாவில் மூன்று நாள் ஜன்னலோரம் உட்காரவைத்தாலே போதும், மலை எதிரிலேயே நிற்கும். அம்மாவுக்கு நன்றாக இருந்தால் தாபோ. அதற்கு மேல் அம்மாவுக்காக இல்லை, நமக்காகத்தான் கூட்டிப் போகிறோம்.

மஞ்சக்குப்பம் மல்லிகை:

ரொம்ப நன்றி அக்கா. இனி நீங்களே எழுதுங்கள், ஐயா இளைப்பாறட்டும்.

பாகூர் ஏரி:

ஒரு விஷயம் சொல்ல மறந்துவிட்டேன். போன அக்டோபரில் எனக்கு ஹிக்கிமில் இருந்து ஒரு அஞ்சல் அட்டை வந்தது. 4,400 மீட்டரில் இருக்கும் தபால் நிலையம், 1983-ல் இருந்து இயங்குகிறது. அனுப்பியவர் கெடிலக்கரை ஐயா என்றுதான் இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். இப்போது எடுத்துப் பார்த்தால் கையெழுத்து வேறு. "இங்கே காற்று சுத்தமாக இருக்கிறது. எனக்கு ஒரு சிரமமும் இல்லை. மாமாதான் திணறுகிறார்" என்று இருக்கிறது. தேதி அந்த லாங்சா நாள்தான்!

கெடிலக்கரை:

அடப்பாவி! லாங்சாவுக்கு ஏறும் அன்று வழியில் ஹிக்கிமையும் பார்த்துவிட்டுப் போனோம். விலாசப் பட்டியல் என்னிடம் இருந்தது, கை நடுங்குகிறது, நீங்கள் எழுதுங்கள் என்று பாதி அட்டைகளை மைத்துனரிடம் கொடுத்தேன். அங்கே சேரும் அட்டைகளைத் தபால்காரர் காசா வரை நடந்தே கொண்டுபோவது வழக்கம் என்றார்கள். அப்படிப் பார்த்தால் இந்த அட்டை இறங்கும் முன்பே மைத்துனர் இறங்கிவிட்டார்.

அதைப் படம் எடுத்து அனுப்புங்கள். வீட்டில் மாட்டவேண்டும்.

முத்தியால்பேட்டை புல்லட்:

இழை முழுவதையும் எங்கள் கூட்டத்துக்குப் படித்துக் காட்டினேன். 2019-ல் ஒன்றும் ஆகவில்லை என்றேன் அல்லவா? எங்களில் ஒருவன் திரும்பும் வழியில் சந்திரதால் ஏரிக்கரை முகாமில் இரவு முழுக்கத் தூங்காமல் உட்கார்ந்தே இருந்தானாம். நாங்கள் கிண்டல் செய்வோம் என்று அப்போது சொல்லவில்லை. நேற்றுத்தான் சொன்னான்.

ஜூலையில் மறுபடி போகிறோம். இந்த முறை சிம்லா வழி, கல்பா இரண்டு இரவு, நாக்கோ ஒன்று, தாபோ ஒன்று. திரும்பும் டிக்கெட்டுக்கு முன்னால் மூன்று நாள் சும்மா விட்டிருக்கிறோம், சாலை அடைத்தால் அதில் கழித்துக்கொள்ளலாம். ரம் கிடையாது அக்கா. நடுவில் இரண்டு இடத்தில் கூடாரம் போட்டு நாங்களே சமைக்கப் போகிறோம். அண்ணி அந்த மூன்று லிட்டர் குக்கரைக் கடன் தருவார்களா?

கெடிலக்கரை:

தருகிறேன் தம்பி. ஞாயிற்றுக்கிழமை காலையில் வாருங்கள். கேஸ்கட் தேய்ந்திருக்கிறது, புதிது ஒன்று வாங்கிக்கொண்டு வந்தால் நானே மாட்டித் தருகிறேன். இவரிடம் வாங்காதீர்கள், வெயிட்டைத் தனியாக எங்கேயோ வைத்திருக்கிறார்.